பார்த்தவனுக்கும் ஒரு சொல் உண்டு

'படம் பார்க்கப் போனாயா, பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போ' என்னும் ஓர் அறவுரை அண்மைக்காலமாகத் தமிழ்நாட்டில் ஓங்கி ஒலிக்கின்றது. இதனைச் சொல்வோர் பலவகையினர். 'உனக்குத் திரைக்கதை தெரியுமா?' என்பார் ஒருவர். 'நீ ஒரு படம் எடுத்துக் காட்டு, பிறகு பேசு' என்பார் மற்றொருவர். 'விருதே கொடுத்துவிட்டார்கள், நீ யார்?' என்பார் வேறொருவர். 2024 நவம்பரில் தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கம் இவ்வுரையை ஒரு கோரிக்கையாகவே வடித்தது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களின் பாடுகளைச் சுட்டி, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் அலைவரிசையினர் பார்வையாளரிடம் கருத்துக் கேட்பதை அனுமதிக்கலாகாது என்று அச்சங்கம் திரையரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதன்பின், படம் வெளியாகி முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தையும் அணுகியது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

நீதிமன்றம் மறுத்ததனால் வழக்கின் அவ்வேளைச் சிக்கல் தீர்ந்தது. கருத்துப் பூசல் தீரவில்லை. எப்போதோ ஒரு படம் பார்க்கும் எளியவன், திரைக்கலையின் ஒலி ஒளி நுட்பம் ஒன்றும் அறியாதவன், தான் பார்த்த படத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாமா என்பதே வினா. சொல்லலாம், சொல்லவேண்டும், அவன் சொல்லாவிட்டால் கலைக்கே கேடு என்பது எமது நிலை. அதனைக் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு, எம் ஊரோடு தொடர்புடைய சில படங்களையும் தொடர்பில்லாத சிலவற்றையும் வைத்து நிறுவ முயல்வோம்.

முருகனைக் கேட்ட ஊர்

பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே குமரகோட்டம் இருக்கின்றது. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடம் அது. நூலுக்கு முருகப்பெருமானே அடியெடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. அரங்கேற்ற அவையில் நடந்ததாகச் சொல்லப்படுவது என்ன? முதற்பாடலின் முதற்சொற்புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று அவையில் ஒருவர் எழுந்து கேட்டார். 'இது முருகன் வாக்கு, நீ யார் கேட்க?' என்று அவரை யாரும் அடக்கவில்லை. அரங்கேற்றம் அப்படியே நின்றது. மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தை எடுத்துவந்து விதியைக் காட்டிய பின்னரே தொடர்ந்தது.

இந்தக் கதை நடந்ததா, பின்னாளில் புனையப்பட்டதா என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். புனைந்ததென்றால் எமது கட்சிக்கு இன்னும் வலிமை. கடவுள் எடுத்துக்கொடுத்த அடியையும் அவையில் கேள்வி கேட்கலாம், கேட்டவனுக்கு ஆதாரம் காட்டியே விடையிறுக்க வேண்டும் என்று எண்ணிய ஒரு சமுதாயம் அதனைப் புனைந்திருக்கின்றது. முருகனுக்கு இல்லாத விலக்கு படத்தயாரிப்பாளருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

அதே கதையில் கேட்பவனுக்கும் ஒரு கடமை இருக்கின்றது. எழுந்தவர் 'நூல் எனக்குப் பிடிக்கவில்லை' என்று கூச்சலிடவில்லை. குறிப்பாக ஓரிடத்தைச் சுட்டினார். விடை கிடைத்ததும் ஏற்றுக்கொண்டார். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் அது விமர்சனம். இதனைப் பின்னர் விரிப்போம்.

நெசவாளியின் கேள்வி

இனிப் படங்களுக்கு வருவோம். முதலில் வரவேண்டியது பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்'. 2008இல் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, 2009 மார்ச்சில் திரையரங்குகளுக்கு வந்தது. 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் (பிரகாஷ்ராஜ்) ஆகிய இரண்டையும் பெற்றது. வாழ்நாளெல்லாம் பட்டு நெய்தும் தன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பட்டுச்சேலை வாங்க இயலாத வெங்கடம் என்னும் நெசவாளியின் கதை. மகள் பிறந்தபோது, திருமணத்தில் அவளைப் பட்டுடுத்தி அனுப்புவேன் என்று வாக்களிக்கிறான். அவ்வாக்குக்காகத் தறிக்கூடத்திலிருந்து பட்டிழையை வாயில் ஒளித்துக் கடத்துகிறான். இரவில் கொட்டிலில் தனியே நெய்கிறான். இழைக்காகத் தன் தோழர்களின் வேலைநிறுத்தத்தையே முறிக்கிறான். பிடிபட்டுச் சிறை செல்கிறான். 1948இல் காவலோடு இரண்டு நாள் வீடு திரும்பும் பயணமாகப் படம் விரிகின்றது.

இப்படத்தைப் பற்றிப் பிள்ளையார்பாளையத்தில் தறியை விட்டு ஓய்ந்த முதியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "சார், ஊடை வாயில வரும். பாவு எப்படி சார் வாயில வரும்?"

எந்தத் திரைவிமர்சகரும் கேட்காத கேள்வி இது. ஊடையிழையைத் துண்டுதுண்டாகச் சேர்த்தாலும் நாடாவில் சுற்றிப் போட்டுவிடலாம். பாவு அவ்வாறன்று. ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் சேலையின் நீளத்துக்கு அறாமல் ஓடவேண்டும். வழக்கமாக ஒரு பாவில் மூன்று சேலைக்கு நீளம் வைப்பார்கள். அதை விடியற்காலையில் தெருவில் நீட்டி இழுத்துச் சீர்செய்யப் பல கைகள் வேண்டும். ஒளித்துச் செய்யும் வேலையே அன்று. உடலும் கரையும் வேறுவேறு நிறத்தில் பிணையும் கோர்வைச் சேலையானால் தறியில் துணையாள் ஒருவர் வேறு வேண்டும். குழித்தறியின் ஓசை அண்டை வீடுகளுக்குக் கேட்கும். அண்டை வீட்டாரும் நெசவாளரே. அவர்களுக்கா அந்த ஓசை விளங்காது?

சரி, இதனால் படம் கெட்டுவிட்டதா? அப்பெரியவரே கெடவில்லை என்றார். இறுதியில் அரைகுறையாய் நின்ற அந்தச் சேலையை மகளின் உடல்மேல் போர்த்தும்போது தலைக்கு இழுத்தால் கால் தெரிகிறது, காலுக்கு இழுத்தால் முகம் தெரிகிறது. அக்காட்சியில் தமக்கு நெஞ்சடைத்தது என்றார். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன் கூறுகிறார்: பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், முன்னை நிலையிலிருந்து தளர்தல், வறுமை. நான்கும் ஒருங்கே வந்து முட்டும் இடம் அது. பாவின் கணக்குத் தப்பிய ஒரு படம் மெய்ப்பாட்டின் கணக்கில் தப்பவில்லை. தொழிற்பிழையையும் உணர்ச்சியின் உண்மையையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க அந்த நெசவாளிக்குத் தெரிந்திருந்தது. இவரைப் பார்த்தா 'உனக்குச் சினிமா தெரியுமா' என்பது?

எமக்கு அப்படத்தின்மேல் உள்ள குறை வேறு. தாமரை கிணற்றில் விழுந்து செயலற்றுக் கிடக்கிறாள். தந்தை நஞ்சூட்டி அவள் துயரை முடிக்கிறான். அவன் வாக்கு, அவன் திருட்டு, அவன் தோல்வி, அவன் முடிவு. அரங்கம் அவனுக்காக அழுகின்றது. அந்தப் பெண்ணுக்கு வாழ விருப்பம் இருந்ததா என்று படம் அவளைக் கேட்கவே இல்லை. பட்டுச்சேலை போர்த்துவதற்குரிய உடலாகவே அவள் பிறந்து, அவ்வுடலாகவே முடிகிறாள். விருதுப் பட்டியலைக் காட்டி இக்கேள்வியை அடைத்துவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. துன்பத்தையெல்லாம் 1948க்குப் பின்னால் வைத்துவிட்டபடியால், படம் பார்த்துக் கண்ணைத் துடைத்தவர் மறுநாள் காந்தி சாலைக் கடையில் முகூர்த்தப்பட்டு எடுக்கும்போது ஓர் உறுத்தலும் கொள்ளத் தேவையில்லாமற் போயிற்று. காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது. தறியில் உட்காரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எம் வகுப்புகளில் உள்ள நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தொழிற்சாலைப் பேருந்து ஏறவே ஆயத்தமாகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டோம். அவர்கள் தந்தையரின் இன்றைய கதையை எடுக்க ஒருவரும் இல்லை என்பதைச் சொல்லாமலும் இருக்க மாட்டோம்.

சண்டையிடாத காஞ்சியார்

ஏ.ஆர். முருகதாசின் 'ஏழாம் அறிவு' (2011) போதிதருமரைக் காஞ்சியின் பல்லவ இளவரசராகக் காட்டியது. படம் வந்த நாளில் எம் ஊரில் ஒரு பெருமிதம் புறப்பட்டது. ஐயம் எழுப்பியவரைத் தமிழ்ப்பகைவர் என்றார்கள். உண்மை நிலை என்ன? போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீனச் சான்றுகள் இரண்டு. 547ஆம் ஆண்டளவில் லோயாங் நகரின் மடங்களைப் பற்றி எழுதிய யாங் சுவான்சி, அவரை மேற்குநாட்டுப் பாரசீகர் என்கிறார். தான்லின் என்பவரோ தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். இவ்விரண்டிலும் காஞ்சியின் பெயர் இல்லை. பிற்கால நூல்களில் வரும் ஒரு நாட்டுப்பெயரைக் காஞ்சி என்று பொருள்கொள்வோர் உண்டு. அது பொருந்தக்கூடிய ஊகம், அவ்வளவே. சாவோலின் தற்காப்புக் கலையை அவரோடு இணைக்கும் நூலோ 17ஆம் நூற்றாண்டினது.

புனைகதை எடுக்க இயக்குநருக்கு உரிமை உண்டு. ஆனால் அப்படம் தன்னைப் புனைகதையாக முன்வைக்கவில்லை. 'உங்கள் வரலாறு உங்களுக்கே தெரியவில்லை' என்று பார்வையாளனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஏற்றப்பட்டவன் 'சான்று எங்கே' என்று கேட்கத்தானே செய்வான்? வரலாற்றின் பெயரால் எம்மை இடித்துரைத்தவர் வரலாற்றால் எடைபோடப்படவும் வேண்டும்.

ஐயமின்றிக் காஞ்சிக்குரிய பௌத்தப் பேரறிஞர் ஒருவர் இருக்கிறார். நாலந்தாவின் தலைமைப் பொறுப்பில் விளங்கிய தருமபாலர். 7ஆம் நூற்றாண்டில் இந்நாடு வந்த சுவான்சாங் அவர் பிறந்த ஊர் காஞ்சி என்று எழுதியிருக்கிறார். மணிமேகலை தன் பயணத்தின் முடிவில் அறவண அடிகளிடம் அறங்கேட்டதும் இந்நகரில்தான். இவர்களைப் பற்றி ஒரு படமும் இல்லை. தருமபாலர் யாரையும் உதைக்கவில்லை, வாதிட்டார். வாதிடுகிறவனை நம் திரை நாயகனாக ஏற்பதில்லை. விமர்சிக்கிறவனை நம் திரையுலகம் பொறுப்பதில்லை என்பதும் இதே நோயின் மறுமுகம் என்று தோன்றுகின்றது.

கரிகாலனின் மரணம்

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இரு பாகங்கள் (2022, 2023) வந்தபோது இதற்கு நேர்மாறான கூச்சல். நாவலைப் படித்தவர் 'அது இல்லை, இது இல்லை' என்றனர்; படிக்காதவர் 'படத்தைப் படமாகப் பார்' என்றனர். எமக்கு இருசாராரோடும் உடன்பாடில்லை. எது விடுபட்டது என்று பட்டியலிடுவது கணக்கர் வேலை. விடுபட்டதால் கதையின் தன்மை எவ்வாறு மாறிற்று என்பதே கேள்வி.

கல்கியின் நாவல் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. அதன் தொடக்கம் ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வரும் ஒரு வழிப்போக்கன். படத்தின் தொடக்கம் இராட்டிரகூடரோடு ஒரு போர். நாடு நீரால் வாழ்ந்தது என்று நாவல் தொடங்க, நாடு வாளால் வாழ்ந்தது என்று படம் தொடங்குகின்றது. ஆதித்த கரிகாலன் யாரால் மாண்டான் என்பதை நாவல் மூடுபனியாகவே விட்டது. வரலாறும் ஓரளவே திறந்து காட்டுகின்றது: காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்கிறது, பின்னணியைச் சொல்லவில்லை. படமோ அம்மரணத்தைக் கண்முன் நிகழ்த்தி, கரிகாலன், நந்தினி இருவரின் காதல் துயரமாக அதனை முடித்துவைத்தது. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் எதிரெதிரே நின்ற அக்காட்சி, நடிப்பளவில் இரு பாகங்களிலும் உயர்ந்தது என்பதே எமது கருத்து. ஆனால் அரசியல் கொலை ஒன்று காதல் மரணமாக மாறிய பின், சதிகாரருக்குக் கதையில் வேலை என்ன?

இப்படத்தில் நோயுற்றுப் படுத்த சுந்தர சோழராக வருபவர் நம் வெங்கடமாக நடித்த அதே பிரகாஷ்ராஜ். சுந்தர சோழரைக் கல்வெட்டுகள் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்னும். அப்பொன்மாளிகை இருந்தது காஞ்சியில். காஞ்சியில் பொன்மாளிகையில் துஞ்சிய அரசனையும் காஞ்சியில் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை நெய்து முடிக்காத நெசவாளியையும் ஒரே முகம் நமக்குக் காட்டிவிட்டது. அரசனுக்குத் திரண்ட கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது நெசவாளிக்கு வந்திருந்தால் மகிழ்ந்திருப்போம்.

'மக்களுக்குப் புரியாது'

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) எம் ஊர்க்கதை அன்று. எனினும் 'காஞ்சிவர'த்தின் உண்மையான உடன்பிறப்பு அதுவே. மலையேறிச் சுமை தூக்கும் ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வேண்டும். வாழ்நாள் முழுதும் அதைத் துரத்துகிறான். கடைசியில், தன் கைவிட்டுப் போன அந்நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளாக அமர்கிறான். வெங்கடத்துக்குச் சேலை, ரங்கசாமிக்கு நிலம். வேறுபாடு என்னவெனில், ரங்கசாமி நம் காலத்தில் இருக்கிறான். சாகவுமில்லை, கொல்லவுமில்லை, சீருடை அணிந்து உட்கார்ந்திருக்கிறான். தறியை விற்றுவிட்டுத் தொழிற்சாலை வாயிலில் காவலுக்கு நிற்கும் ஒரு நெசவாளி அப்படத்தைக் கண்டால் தன்னையே காண்பான். அழவைக்கும் முயற்சியே இல்லாமல் அப்படம் எம்மை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. இரண்டில் எது பெரிய படம் என்று கேட்டால் விருதைப் பாராமல் இதனையே சொல்வோம்.

2024 ஆகஸ்டு 23 அன்று மாரி செல்வராஜின் 'வாழை'யும் பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யும் ஒருநாளில் வெளியாயின. பின்னணி இசையே இல்லாத, முடிவைப் பார்வையாளன் கையில் கொடுத்துவிடும் 'கொட்டுக்காளி'யைத் திரையரங்குக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் எழுந்தது. மக்களுக்குப் புரியாதாம். எம் மாணவர் சிலர் 'படம் முடியவே இல்லையே' என்று சினத்தோடு வந்தனர். ஏன் முடியவேண்டும், முடித்தால் எப்படி முடிப்பாய் என்று கேட்டோம். ஒரு மணிநேரம் தமக்குள்ளே வாதிட்டனர். பாண்டி திருந்துவானா, மீனா பேசுவாளா என்று கட்சி பிரிந்தனர். படம் எங்கே முடியவேண்டுமென்று வினோத்ராஜ் கருதினாரோ அங்கேதான் அது முடிந்தது. புரியாது என்று மக்களைப் பழித்தவரும் பேசாதே என்று மக்களை அதட்டுபவரும் எமக்கு ஒருவராகவே தெரிகின்றனர்.

எதிர்க்கட்சியாரின் வாதங்கள்

எதிர்த்தரப்பில் உள்ள நேர்மையான வாதங்களை மறைப்பது முறையன்று.

ஒன்று: பல கோடி முதலீடு, பல நூறு பேரின் உழைப்பு, ஒருவன் வாயசைவில் வீணாகலாமா? எம் ஊரில் நெசவாளி இரண்டு வாரமோ அதற்கு மேலோ உட்கார்ந்து நெய்த சேலையைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அதனை விரித்துப் போட்டு விரல்நுனியால் தடவிப் பார்க்கிறார்கள். ஓர் இழை தப்பியிருந்தால் கூலியில் பிடித்தம். பிறகு கடைக்கு வந்த வாடிக்கையாளர் இருபது சேலையை விரிக்கச் சொல்லி, 'கரை எடுப்பாக இல்லை' என்று பத்தொன்பதை ஒதுக்குகிறார். 'நீ நெய்து காட்டு' என்று அவரிடம் எந்த நெசவாளியும் சொன்னதில்லை. கூலிக்கு நெய்பவன் தாங்கும் சோதனையைக் கோடிகளில் முதலிடுபவர் தாங்கமாட்டாரா? சேலையையாவது பார்த்துவிட்டு வாங்குகிறோம். படத்துக்குப் பணம் கொடுத்த பிறகே பார்க்கிறோம். அப்படியிருக்க, பார்த்தவன் பாராதவனுக்குச் சொல்வதையும் மூன்று நாள் தடுக்கவேண்டுமாம்!

இரண்டு: கூலி பெற்றுக்கொண்டு இகழ்வோரும், வேறொரு நடிகரின் தொண்டராய் வந்து தூற்றுவோரும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். இடைவேளைக்கு முன்பே தீர்ப்பு எழுதும் கைப்பேசி நீதிபதிகளுக்காக நாம் ஒரு சொல்லும் பரிந்துரைக்கப் போவதில்லை. பணம் பறிக்க மிரட்டுபவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கின்றது. அவனைச் சாக்காக வைத்து எல்லார் வாயையும் அடைப்பது, கடையில் ஒருவன் திருடினான் என்று வாடிக்கையாளர் அனைவரையும் வெளியே நிறுத்துவது போன்றது. கூலிக்குத் தூற்றுவோரைக் கடிந்துகொள்ளும் இதே துறை, கூலிக்குப் புகழ்வோரைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதையும் கருதுக.

மூன்று: சுவை அவரவர்க்கு வேறு, எனக்குப் பிடித்தது உனக்குப் பிடிக்கவில்லை, இதில் வாதம் எதற்கு? இது பணிவுபோல் தோன்றும் சோம்பல். 'பிடிக்கவில்லை' என்பது கருத்தின் முதற்படி. அங்கேயே உட்கார்ந்துவிட்டால் அது முனகல். 'ஆனந்த விகடன்' 1977இல் '16 வயதினிலே'வுக்கு 62.5 மதிப்பெண் வழங்கியதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். எண் மட்டும் நினைவில் நின்று, ஏன் என்பது மறந்துபோயிற்று. இன்றைய நட்சத்திரக் குறிகளுக்கு அந்த 'ஏன்' தொடக்கத்திலிருந்தே இல்லை.

ஆகவே எளிய பார்வையாளரிடம் நாம் வேண்டுவன மூன்று. படத்தை முழுதும் பாருங்கள். எந்த இடம் உங்களைத் தொட்டது, எந்த இடம் உறுத்திற்று என்று இடஞ்சுட்டிச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து, அது தறியாயினும் சமையலாயினும் மருத்துவமனை வாசலில் காத்திருந்த அனுபவமாயினும், பேசுங்கள். ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றில் இயக்குநரைவிட நன்கறிந்தவரே. பாவு எப்படி வாயில் வரும் என்று கேட்கக் காஞ்சியில் ஒருவர் இருந்தார். மீன்பிடிப் படகைப் பற்றிக் கேட்க நாகப்பட்டினத்திலும், தேயிலைத் தோட்டத்தைப் பற்றிக் கேட்க வால்பாறையிலும் ஆள் இருப்பர். அவர்களையெல்லாம் பேசவிட்டால் அடுத்துவரும் இயக்குநர் படப்பிடிப்புக்கு முன் ஒருமுறை தறிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்து பார்ப்பார்.

திரைத்துறையினரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. கேள்வி கேட்பவனுக்கு வீரசோழியத்தை எடுத்துவந்து காட்டுங்கள். காட்ட ஒன்றும் இல்லையெனில், அவன் கேட்டது சரி என்று ஒப்புங்கள். மூன்று நாள் வாயை மூடு என்பது எந்த நூலிலும் விதியாக இல்லை.